பகலில் தூங்கிய பச்சோந்தி

இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு பிழையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ராகலை, கந்தப்பளை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவ பக்கம் பிள்ளைகளோடு இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை. தரம் 8 மாணவன் ஒருவன் ஜாம் போத்தலோடு வந்து நின்றான். மூடியில் ஆணியால் நாலு ஓட்டை. "சேர், பச்சோந்தி!" உள்ளே ஒரு சாண் நீளம் கூட வராத பச்சையும் பழுப்புமான ஒன்று. பெரிய பெரிய செதில், கழுத்துக்கு மேலே சில முட்கள், போட்டு வைத்த குச்சியை வாலால் சுற்றிப் பிடித்திருந்தது. ஓணான் மாதிரி துள்ளவில்லை. மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு யோசித்தது. அவன் பச்சோந்தி என்று நினைத்ததில் பிழையே இல்லை.

ஆனால் அது பச்சோந்தி அல்ல. உண்மையான பச்சோந்தி இலங்கையில் ஒரே ஒரு இனம்தான். அதன் விஞ்ஞானப் பெயர் கெமிலியோ சைலானிகஸ், பெயரிலேயே சிலோன் இருக்கிறது. அது வறண்ட பக்கத்துப் பிராணி. என் மனைவியின் ஊர் புத்தளம், அங்கே வேலி மரத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பையன் கொண்டு வந்தது கொபோட்டிஸ் சிலானிகா. இது ஓணான் குடும்பம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை, இலங்கையிலும் இந்தக் குளிர் மலைகளில்தான். முட்டை இடாது, குட்டி போடும். சிங்களத்தில் பச்சோந்தியைப் போதிலியா என்பார்கள், இதைக் குறு போதிலியா, அதாவது குள்ளப் பச்சோந்தி. தமிழில் என்ன பெயர் என்று வகுப்பில் கேட்டேன். "ஓணான் சேர்" என்றார்கள். கொம்பு வைத்ததும் ஓணான், கன்னம் கறுத்ததும் ஓணான், இதுவும் ஓணான். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் படம் வரைந்து பெயர் எழுதத் தெரிந்த பிள்ளைகள்!

இவ்வளவு தெரிந்தும் நான் செய்தது என்ன? "நல்லா கவனிச்சிருக்கீங்க மகன், இங்கே வெச்சிட்டுப் போங்க, திங்கட்கிழமை மற்ற வகுப்புக்கும் காட்டுவோம்" என்றேன். ஆய்வுகூடத்தில் கிடந்த பழைய மீன் தொட்டியைத் துடைத்து, நாலு கிளை வைத்து, சிரட்டையில் தண்ணீர் வைத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். பச்சோந்திக்குச் சூடு வேண்டும் என்று யூடியூப்பில் பையனும் பார்த்திருந்தான், நானும் பார்த்திருந்தேன். பல்பை அணைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை மேலதிக வகுப்புக்கு வந்தபோது நேரம் பத்தரை. பையன் எனக்கு முன்னாலேயே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். "சேர், இது பகல்லயே தூங்குது." இரண்டு கண்ணும் மூடியிருந்தது. நானும் முதலில் தூக்கம் என்றுதான் நினைத்தேன்.

கட்டாரில் வேலை செய்யும் என் சாச்சாவின் மகன் யெமன் பச்சோந்தி ஒன்று வளர்க்கிறான். கூண்டிலேயே பிறந்தது, கடையில் வாங்கியது, அங்கே அதற்கு அனுமதி இருக்கிறது. படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் வொய்ஸ் மெசேஜ் வந்தது. "நானா, பகல்ல கண்ண மூடினா அது தூக்கமில்ல. அதுக்கு ஏலாம இருக்கு. எங்க எடுத்தீங்களோ அங்கேயே கொண்டு போய் விடுங்க."

பிறகு அவன் சொன்னவற்றையும், நான் தேடி வாசித்தவற்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் "பச்சோந்தி வளர்ப்பது எப்படி" என்ற வீடியோக்களில் இந்தப் பக்கம் வருவதே குறைவு.

பச்சோந்தி பகலில் விழித்து இரவில் தூங்கும் பிராணி. ஏறக்குறைய 12 மணித்தியாலம் வெளிச்சம், 12 மணித்தியாலம் இருட்டு. இருட்டு என்றால் முழு இருட்டு. இரவுக்கென்று சிலர் போடும் சிவப்பு பல்பும் அதன் தூக்கத்தைக் கெடுக்கும். பொழுது சாய்ந்ததும் கிளையின் நுனிக்குப் போய், வாலைச் சுருட்டி, கண்ணை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். உடம்பின் நிறம் வெளுத்துவிடும். இரவில் சூடு குறைய வேண்டும், அது குறைந்தால்தான் ஓய்வு. தின்னாமல் மிஞ்சிய பூச்சியைக் கூண்டில் விட்டுவைத்தால், தூங்கும் பிராணியை அந்தப் பூச்சியே கடித்துவிடும். தேங்கிய தண்ணீரை அதற்குத் தண்ணீர் என்றே தெரியாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். நான் வைத்த சிரட்டை எனக்காக வைத்ததுதான் போலிருக்கிறது. காற்றோடும் வலைக்கூண்டு வேண்டும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் வேண்டும், இல்லாவிட்டால் கல்சியம் உடம்பில் சேராமல் எலும்பு வளையும். தனியாக இருக்க வேண்டும், அடிக்கடி கையில் எடுக்கக் கூடாது. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அதற்கு நம்மைப் பிடிக்காது. பூனைக்குட்டி மாதிரி மடியில் வந்து படுக்கிற சாதி அல்ல அது.

இதெல்லாம் பச்சோந்திக்கு. எங்கள் குறு போதிலியாவுக்கு எப்படி என்று எந்த வீடியோவும் சொல்லாது. காலையில் கொழுந்துக்குப் போகிறவர்கள் தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போகிற ஊர் இது. பனியும் ஈரமும்தான் அதன் வீடு. அதைக் கண்ணாடிக்குள் பூட்டி, பல்பைப் போட்டு, இரண்டு இரவு விழிக்க வைத்தவன் விஞ்ஞான ஆசிரியர்.

ஹதீஸில் வரும் அந்தப் பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம். அவள் பூனையை அடித்ததாகக் கதையில் இல்லை, பூட்டித்தான் வைத்தாள். வளர்ப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு குருவி வைத்திருந்ததும், அது செத்தபோது நபியவர்கள் அவனிடம் அன்பாக விசாரித்ததும் நமக்குத் தெரியும். ஆனால் எதன் தேவை நமக்குத் தெரியாதோ, அதைப் பூட்டி வைக்க நமக்கு உரிமையில்லை என்பது என் அபிப்பிராயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. இந்த மலை ஓணான்களைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். அப்படியிருந்தும் ஐரோப்பாவில் வளர்ப்புப் பிராணிச் சந்தைக்கு இவை போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் 2019இல் இலங்கை இதைச் சைட்டிஸ் மாநாட்டுக்குக் கொண்டு போனது. அந்த மாநாடு அந்த மே மாதம் கொழும்பிலேயே நடக்க இருந்தது. ஏப்ரல் 21க்குப் பிறகு அது ஜெனீவாவுக்கு மாறி ஓகஸ்டில் நடந்தது. அந்த மாதங்கள் நமக்கு எப்படிப் போயின என்று இங்கே எழுதத் தேவையில்லை. அந்த மாநாட்டில் குறு போதிலியாவும், நம் தேயிலையோரம் திரிகிற கறுத்த கன்னத்து ஓணானும் முதலாம் பட்டியலில் சேர்ந்தன, அதாவது வியாபாரத்துக்காகக் காட்டில் பிடித்து நாடு விட்டு நாடு விற்கவே கூடாது. மூக்கில் கொம்பு வைத்த நம் பக்கத்து ஓணான் இரண்டாம் பட்டியலில். ஹட்டனிலிருந்து இங்குவரை லயத்துப் பிள்ளைகள் கல்லெறிகிற உயிர்களைப் பற்றி ஜெனீவாவில் பேசினார்கள் என்று வகுப்பில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

கல்லெறிவதற்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. இரத்தம் உறிஞ்சும், காட்டிக்கொடுத்தது, சாபம் வாங்கியது. தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, எங்கள் பிள்ளை, இந்த விஷயத்தில் மட்டும் நல்ல ஒற்றுமை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பையனின் அப்பா தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். அவரும் கூட வந்தார். எந்தச் செடியில் எடுத்தாய் என்று கேட்டால் பையன் ஒரு நிமிடம் யோசிக்காமல் காட்டினான், பீலிக்கு மேலே காடு தொடங்கும் இடத்தில் பாசி படர்ந்த ஒரு மரம். கிளையில் வைத்தேன். வால் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டது. கண் திறக்கவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது, வந்துவிட்டோம்.

வரும் வழியில் பையன் கேட்டான், "சேர், அது தூங்கும்போது கனவு காணுமா?" பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து தேடினேன். 2016இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில், மேக்ஸ் பிளாங் நிறுவனத்தின் மூளை ஆய்வாளர்கள் தாடி ஓணான் என்ற அவுஸ்திரேலிய இனத்தின் தூக்கத்தை அளந்திருக்கிறார்கள். அதுவும் நம் ஓணான் குடும்பம்தான். மனிதர்களுக்குக் கனவு வருகிற தூக்கத்தில் மூளை எப்படி இயங்குமோ, அதைப் போன்ற ஒரு கட்டம் அதற்கும் இருக்கிறது. நமக்கு ஒரு சுற்று முடிய ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும், அதற்கு ஏறக்குறைய 80 செக்கன். கனவா இல்லையா என்று யாரும் அதனிடம் கேட்க முடியாது. ஆனால் நான் அணைக்காமல் போன பல்பு எத்தனை எண்பது செக்கன்களைக் கெடுத்திருக்கும் என்று திங்கட்கிழமை கரும்பலகையில் பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு, அப்பாமார் நாலு பேரோடு, ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டோரம் போனோம். டோச்சை ஒரு செக்கன் மட்டும் அடித்து அணைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பகலில் பத்து முறை போனாலும் கண்ணில் படாதவை இரவில் வெளுத்துப் போய் நுனிக் கிளையில் தொங்கும், பாம்பு கிளையில் ஏறினால் அசைவு தெரியத்தான் மெல்லிய நுனியில் படுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் கறுத்த கன்னத்து ஓணான் ஆறு பார்த்தோம். பாசி மரத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு குறு போதிலியா. நாங்கள் விட்டதுதானா என்று எனக்குத் தெரியாது. பையன் அதேதான் என்கிறான்.

படம் எடுத்தோம். போட மாட்டேன். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றும் கமெண்டில் கேட்காதீர்கள், வாங்குகிறவர்களும் பேஸ்புக் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஏசாமல், எங்கே எடுத்தாய் என்று மட்டும் கேளுங்கள். பொழுது சாயும் முன் அதே செடிக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும்.