முதுகைக் கூன வைத்தது வயசா, புகையா?



எங்கள் கமிட்டியில் ஒரு அம்மா. பல வருடமாக இழுப்பு. போன மழைக்காலத்தில் இருமி இருமியே அவருக்கு விலா எலும்பு முறிந்தது. விழவுமில்லை, பாரம் தூக்கவுமில்லை. இலேசான வேலை கேட்டு அவரோடு ஆபிசுக்குப் போனோம். "வயசு போனா எலும்பு தேயத்தானே செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. வயதும் ஒரு காரணம்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்வதும் உண்மைதான். ஆனால் அதே வயதில் பங்களாவில் இருப்பவருக்கு இருமலில் விலா முறிந்ததை யாராவது கண்டீர்களா?

எத்தனையோ லயக் காம்பராக்களில் இன்றும் அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. கவ்வாத்து விறகின் புகையைப் பிறந்த நாள் முதல் விழுங்குகிறோம். ஸ்டோரில் நிற்பவர்களுக்குத் தேயிலைத் தூசும் சேருகிறது. (பீடியைக் கம்பனி வாயில் வைக்கவில்லையே என்பார்கள். ஆம்பிளைகளே, அது சரிதான். பீடியும் எலும்பைத் தின்கிறது.) நோய்ப்பட்ட நுரையீரலின் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. இரத்தத்தோடு சுற்றி எலும்பையும் அரிக்கிறது. மூச்சு வாங்குவதால் நடமாட்டம் குறைகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டுவதால் சாப்பாடும் குறைகிறது. உடம்பு மெலிய மெலிய எலும்பும் மெலிகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் அளவில் கல்சியம் வேண்டும். ரொட்டியிலும் சம்பலிலும் அது எங்கே இருக்கிறது? பால்மா விலையை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல் குளிசை. இழுப்பு கூடினால் பிரட்னிசலோன் தருகிறார்கள். அது உயிர் காக்கும் மருந்து, அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் தினம் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் குடித்தாலே எலும்பு முறியும் ஆபத்து கூடுகிறது. ஐந்து நாள், ஏழு நாள் என்று அடிக்கடி குடித்தாலும் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? டிஸ்பென்சரியில் கொஞ்சம், டவுன் பார்மசியில் பேர் எழுதாத பைக்கற்றில் கொஞ்சம். கொழுந்தை அரைக் கிலோ விடாமல் எழுதுகிறவர்களுக்கு, நாம் விழுங்கிய குளிசையை எழுத ஒரு கொப்பி இல்லை! பம்ப் மருந்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அது ஒழுங்காகக் கிடைத்தால் குளிசையின் தேவையே குறையும்.

முள்ளந்தண்டு நசிந்து கூன் விழுந்தால் நெஞ்சுக்கூடு ஒடுங்கி, இருக்கிற மூச்சும் குறையும். பிறகு கூடை தூக்குவது எப்படி?

அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் வைக்கிறோம். ஒவ்வொரு அடுப்புக்கும் புகைபோக்கி வேண்டும். கொடுக்கும் குளிசை, அளவு, நாள் எல்லாம் நோயாளியின் கொப்பியில் எழுதப்பட வேண்டும். நீண்ட காலம் குடித்தவர்களை எலும்புப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், தேய்வைத் தடுக்க மருந்து இருக்கிறது. முறிவு கண்டவருக்கு இலேசான வேலை, முழுப்பேர்.

இதைப் படித்துவிட்டு யாரும் குளிசையைத் திடீரென நிறுத்த வேண்டாம், அது ஆபத்து. டாக்டரிடம் கேட்டே குறைக்க வேண்டும். கிளினிக் கொப்பியையும் வெறும் பைக்கற்றுகளையும் மாதர் சங்கத் தலைவியிடம் கொண்டு வாருங்கள். கணக்கை நாங்களே எழுதத் தொடங்குகிறோம்.