தொழிலாளர் இல்லாத தோட்டம்

நகைச்சுவைப் படத்தில் அரசியலைத் தேடுவது ரசனையற்றவர்களின் வேலை என்ற கூற்று நம் ஆசிரிய நண்பர்களிடையேகூட உலவுகிறது. மனிதன் மூன்று மணி நேரம் கவலை மறந்து சிரிக்கட்டுமே, அங்கும் வந்து வர்க்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலவே தோன்றுகிறது. ஆகவே அதற்கு விடைகாண, யாவரும் நல்ல படம் என்று ஒப்புக்கொண்ட ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மட்டமான படத்தை அடித்து வீழ்த்துவதில் வீரம் எதுவும் இல்லை.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964 பெப்ரவரியில் வெளிவந்தது. அது மலைநாட்டுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து ஹட்டன் நகரம்வரை நடந்தே சென்று அதைப் பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் கொட்டகையே குலுங்கியது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று தொலைக்காட்சியில் அக்காட்சி வந்தாலும் சிரிக்கிறேன். திறமையை மறுப்பது விமர்சனம் ஆகாது.

ஆனால் அன்று என் அருகே அமர்ந்திருந்தவர் என் பெரியப்பா. வேறொரு தோட்டத்தில் வேலைநிறுத்தம் ஒன்றில் முன்னின்றதற்காக வேலையை இழந்தவர். வேலை போனதும் லயத்து அறையும் போயிற்று. எங்கள் அறையின் இஸ்தோப்பில் படுத்து, நாளுக்கொரு தோட்டமாக வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். படத்தில் வேலை நீக்கப்பட்ட கதாநாயகன் வேலை கேட்டு ஆடிப் பாடியபோது அவரும் கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பே இக்கட்டுரையின் பொருள்.

அந்தக் கதை எங்கே நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சின்னமலை எஸ்டேட்டில் நடக்கிறது. பாலையா ஏற்றிருக்கும் விஸ்வநாதன் என்ற பாத்திரம் அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர். மாளிகை, கார், பட்டணத்தில் படித்த இரு பெண்மக்கள், சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் - இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? தோட்டத்திலிருந்துதானே! ஆனால் அத்தோட்டத்தில் உழைப்பவர்களுக்குக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை. பிரட்டுக் களம் இல்லை, கங்காணி இல்லை, கொழுந்துக் கூடை இல்லை, பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறும் தாய் இல்லை. மலை இருக்கிறது, அதன் பச்சை ஈஸ்ட்மன் வண்ணத்தில் மின்னுகிறது. அந்தப் பச்சையைப் படைத்த கைகளை மட்டும் காணோம்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அசோக் என்னும் இளைஞன் முதலாளி மக்களோடு ஏற்பட்ட பிணக்கினால் வேலை நீக்கப்படுகிறான். அவன் முதலாளி வீட்டின் எதிரே கூடாரம் அடிக்கிறான். தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, முதலாளியைப் பெயர் சொல்லி அழைத்து வேலை கேட்டுப் பாடுகிறான். தொழிலாளி வர்க்கம் இரத்தம் சிந்திக் கற்ற போராட்ட வடிவம் அங்கே ஆட்டமும் பாட்டுமாகிவிடுகிறது. அதன் முடிவென்ன? முதலாளியின் மகள் அவன்மீது காதல் கொள்கிறாள். அவன் கோடீசுவரரின் மகனாக வேடம் புனைகிறான், நண்பனுக்கே தந்தை வேடம் கட்டுகிறான், இறுதியில் மருமகனாகிறான். வேலை கேட்டவனுக்குக் கிடைத்தது பெண். உரிமைக்கான கோரிக்கை கல்யாண விருந்தில் கரைந்துபோகிறது.

தோட்டத்தில் வேலை பார்த்து நீக்கப்பட்ட இன்னொரு இளைஞனை நம் மலைகள் அறியும். அவர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலியர். மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்திற்குத் துரைத்தொழில் பழக வந்தவர், தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை இழந்தார். அவர் மாளிகை வாசலில் ஆடவில்லை. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் தொழிலாளர் கூட்ட மேடையில் ஏறித் துரைமாரின் கொடுமைகளைப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையானார். தோட்டத்தில் நீதி கேட்பதென்றால் என்னவென்று இவ்விரு பெயர்களும் சொல்லும். இம்மலைகளில் வேலையிழந்தவன் முதலாளி வீட்டெதிரே கூடாரம் அடித்திருந்தால் அத்துமீறல் வழக்குத்தான் பரிசாகக் கிடைத்திருக்கும்.

படம் வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டார்கள். அம்மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. திரையில் தொழிலாளர் இல்லாத தோட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்களே அன்று காகிதத்தில் எண்ணிக்கையாகிப் போனார்கள். படம்தான் ஒப்பந்தத்தைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டம் கதைகளில் தென்படாதிருப்பது, அதனைக் கேளாமலேயே பங்கிடுவோருக்கு எத்துணை வசதியானது என்பதையே சொல்கிறேன்.

'அப்படியானால் தொழிலாளர் படம் அழுகைப் படமாகத்தான் இருக்க வேண்டுமா?' என்று நண்பர் கேட்பார். இல்லை. 1936இல் வந்த 'மொடர்ன் டைம்ஸ்' படத்தில் சாப்ளின் தொழிற்சாலை இயந்திரத்தின் பற்களுக்குள்ளேயே புகுந்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். தெருவில் விழுந்த கொடியை எடுத்துக் காட்டப்போய், ஊர்வலத் தலைவன் என்று கைதாகிறாரே, அதைக் கண்டு சிரிக்காதவர் உண்டா? அங்கே சிரிப்பு தொழிலாளியை மறைக்கவில்லை. அவனை நசுக்கும் ஒழுங்கின் அசட்டுத்தனத்தைத் தோலுரித்தது. நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிரிப்பின் வழியாகவே மூடநம்பிக்கையைச் சாடினார். எங்கள் லயங்களிலும் இம்மரபு உண்டு. கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடும் நாட்டார் பாடல்களைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வாய்மொழியாகவே காத்து வந்தார்கள். அப்பாடல்களைத் தொகுத்துத் தந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை.

ஆயினும் அந்தச் சிரிப்பு திரைக்கு ஏறவில்லை. தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்துத் தோட்ட மக்களைத் திரைக்குக் கொணர்ந்தார்; அது போற்றத்தக்க முயற்சி. அடுத்த ஆண்டு வந்த 'கோமாளிகள்' வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவை நாடகத்தின் திரைவடிவம். யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் என்று அதன் நான்கு கோமாளிகளும் நான்கு விதமாகப் பேசினார்கள். மலையகத் தமிழ் பேச ஐந்தாவது கோமாளி ஒருவன் வாய்க்கவில்லை.

இது பழங்கதை அல்ல. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய். மேடையிலே ஒரு தொகை, சம்பளச் சீட்டிலே வேறொரு தொகை! இதைவிடக் கூர்மையான நகைச்சுவைக் கதையை எந்த வசனகர்த்தா எழுத முடியும்? இதனை எழுதுவதற்கு மலையகத்தின் படித்த இளைஞர்கள்தாம் முன்வர வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! புதிய நகைச்சுவைப் படம் வந்தால் போய்ப் பாருங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். வெளியே வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நாம் யாருடைய இடத்தில் நின்று சிரித்தோம்? அந்த வீட்டுக்குச் சோறு போட்டவன் எங்கே? என் பெரியப்பாவுக்கு இக்கேள்விகளைக் கற்றுத்தர அன்று ஒருவரும் இல்லை. தன் வேலைக்கான போராட்டத்தைத் தானே முதலாளியின் பக்கம் நின்று பார்த்துச் சிரித்துவிட்டு, இருட்டிலே மலையேறி, மீண்டும் எங்கள் இஸ்தோப்பில் வந்து படுத்துக்கொண்டார்.