புகை ஒரு பக்கம், சுகம் ஒரு பக்கம்!



"பூமி சூடாகுது, கரியைக் குறையுங்க" என்று யார் பேச வந்தாலும் நமக்குச் சொல்லும் புத்தி ஒன்றுதான். லைட்டை அணை, ஃபேனை நிறுத்து, மரம் நடு! நல்ல புத்திதான், மறுக்கவில்லை. ஆனால் எங்க புளியந்தோப்பில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஓடுவதே ஒரே ஒரு ஃபேன். அதையும் நிறுத்தினால் மிச்சம் கொசுதான்! ஆகவே, இந்தப் புத்தி சரியான வாசலில் நின்றுதான் சொல்லப்படுகிறதா என்பதே என் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டிப்ளமோ படிக்கிற நாம் கணக்கில்லாமல் பேசக் கூடாது. 12 கிராம் கரி முழுசாக எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். இது கெமிஸ்ட்ரி வகுப்பில் படித்ததுதான். அந்த வகையில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ. 14.2 கிலோ சமையல் காஸ் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ.

லீவு நாட்களில் நான் ஓர் ஏசி மெக்கானிக் அண்ணனோடு வேலைக்குப் போவது வழக்கம். அண்ணா நகர்ப் பக்கம் ஒரு வீடு. நாலு பேர், மூணு ஏசி. கோடையில் இரண்டு மாதத்துக்கு 1,500 யூனிட். எங்க வீட்டில் ஐந்து பேர், அதே இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். தலைக்கு வகுத்துப் பார்த்தேன். எங்க வீட்டில் ஆளுக்கு 25 கிலோ, அங்கே ஆளுக்கு 262 கிலோ. பத்து மடங்கு! அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தவர்கள்தான். பணம் இருக்கு, வெயில் இருக்கு, ஏசி ஓடுது. வருமானம் ஏற ஏற கரியும் ஏறுது, அவ்வளவுதான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2007-ல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. மாதம் 3,000 ரூபாய்க்குக் குறைந்த வருமானப் பிரிவில் ஆளுக்கு ஆண்டுக்கு 335 கிலோ. 30,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிரிவில் 1,494 கிலோ. ஏறத்தாழ நாலரை மடங்கு! உலக நிலவரமும் இதேதான். 1990 முதல் 2015 வரை வெளியான கரியில் 52 சதவீதம் உலகின் பணக்கார 10 சதவீதத்தார் கணக்கு, ஏழைப் பாதி உலகத்தின் கணக்கு வெறும் 7 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் 2020-ல் சொன்னது.

"இந்தியர்களின் சராசரி குறைவு" என்று நாம் உலக மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சராசரியைக் கீழே பிடித்து வைத்திருப்பது யார்? ஒற்றை ஃபேன் வீடுகள்தானே! நம் முதுகுக்குப் பின்னால்தான் மூணு ஏசி ஒளிந்திருக்கிறது.

சரி, புகை மட்டும் எங்கே? எண்ணூரில் பழைய அனல்மின் நிலையம் 1970 முதல் எரிந்து 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் சேர்ந்து 1,830 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். கரண்ட் கம்பியேறி எங்கெங்கோ போகிறது. சாம்பலோ கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வந்து படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் தேங்கி நின்றதும் புளியந்தோப்பு, பட்டாளம் தெருக்களில்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்!

"அப்படியானால் ஏழை ஏழையாகவே இருக்கணுமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை! விறகிலும் மண்ணெண்ணெயிலும் கண் எரிந்த அம்மாவுக்கு காஸ் வேண்டும். எங்க தெருவில் இன்னொரு ஃபேன் வேண்டும், ஃப்ரிட்ஜும் வேண்டும். 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. அது இருக்கட்டும். ஆனால் அந்தச் சலுகையை மூணு ஏசி வீட்டுக்கும் ஏன் கொடுக்கணும்? அதிகம் எரிப்பவர் அதிகம் கொடுக்கட்டும். பெரிய வீட்டு மாடியில் சூரிய மின்தகடு ஏறட்டும். 75 வாட் ஃபேனின் வேலையை இன்று 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் செய்கிறது. அதன் விலையைக் குறைத்துச் சின்ன வீடுகளுக்குக் கொடுக்கட்டும். ஒற்றை ஃபேன் வீட்டைப் பார்த்து சிக்கனம் பேசுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி!

கடைசியாக நமக்கு ஒரு வார்த்தை. நாளை ஏசி மாட்டப் போவதும், பாய்லர் ஹவுஸில் ஷிஃப்ட் பார்க்கப் போவதும் நாம்தான். நமக்கும் சம்பளம் வரும், பைக் வரும், ஏசி வரும். வரட்டும், உழைத்தவனுக்கு அது உரிமை. ஆனால் அன்றைக்கு நம் மீட்டரையும் தலைக்கு வகுத்துப் பார்ப்போம். வாங்குகிற ஏசியில் ஸ்டார் எத்தனை என்று பார்ப்போம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் நாம். போடாமல் இருக்க நமக்குச் சாக்கு இல்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்!