வாடகை வீடு தேடி வருவோருக்கு நாம் அன்சாரிகளா?

முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து சென்னைக்குக் குடிபெயரும் முஸ்லிம் குடும்பம் இரண்டு கதவுகளைத் தட்டுகிறது. முதற்கதவு பிறருடையது. பெயரைக் கேட்டதும் "வீடு நேற்றே முடிந்துவிட்டது" என்று சொல்லி அது மூடிக்கொள்கிறது. சில வாயில்களில் "சைவர்களுக்கு மட்டும்" என்ற பலகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டாவது கதவு நம்முடையது. அது மூடுவதில்லை, பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு திறக்கிறது. முதல் அநீதியைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருவதில்லை.

முதற்கதவைச் சட்டத்தால் திறப்பதும் எளிதன்று. மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்னும் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு அரசையும் கடை, உணவகம் போன்ற பொது இடங்களையும் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டு உரிமையாளரை அது நேரடியாகத் தொடுவதில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதி வகுத்திருந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், அவ்விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. ஆக, வெளியே கதவு அடைபட்டவர் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை நம் வீட்டுக்காரர் நன்கு அறிவார். அந்த அறிவைத்தான் அவர் பணமாக்குகிறார்.

வருகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் அவ்வூர் வழக்கம். பெரிய தெருவை மிதிக்காமலே பெண்கள் வீடு விட்டு வீடு சென்றுவர முடுக்குகள் உண்டு. பெண்கள் கூடித் தொழத் தைக்காக்கள் உண்டு. அத்தகைய ஊரில் தாயின் நிழலில் வாழ்ந்த ஒரு பெண், கணவரின் வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ மண்ணடிக்கு வருகிறாள். காற்றும் வெளிச்சமும் எட்டாத இரண்டு அறைகளில் அவளுடைய பகற்பொழுது முழுவதும் கழிகிறது. கணவர் கடைக்குப் போய்விடுகிறார். அவ்வீட்டின் நெருக்கடியை முழுநேரமும் சுமப்பவர்கள் அவளும் குழந்தைகளுமே.

அவர்கள் மண்ணடியை நாடுவதில் தவறில்லை. காயலாரும் கீழக்கரையாரும் நெடுங்காலமாகத் தொழில் நடத்தும் இடம் அது. அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மஃமூர் இருக்கிறது. பாங்கொலி காதில் விழும். ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை. ஊர்க்காரர் முகம் தென்படும். இந்த நியாயமான ஆசைக்குத்தான் விலை வைக்கப்படுகிறது. மாத வாடகை 15,000 ரூபாய் என்று கொள்வோம். பத்து மாத முன்பணம் 1,50,000. முதல் மாத வாடகை 15,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 15,000. ஆக, பாலைக் காய்ச்சுமுன்பே 1,80,000 ரூபாய் வேண்டும். மனைவியின் நகையை விற்காமல் எத்தனை பேரால் இதைத் திரட்ட முடியும்?

"இது ஊர் வழக்கம், சந்தை நிலவரம்" என்பார்கள். வழக்கமாகிவிட்டதால் ஒன்று நியாயமாகிவிடுமா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. மேற்சொன்ன வீட்டுக்கு அது 45,000 ரூபாய்தான். "வேறு உடன்பாடு" என்ற சொல்லுக்குள் புகுந்துகொள்ள வழியுண்டு என்பது உண்மையே. ஆனால் சாவியைக் கையில் வைத்திருப்பவருக்கும், போக்கிடமின்றித் தெருவில் நிற்பவருக்கும் இடையே உண்டாவதை மனமொத்த உடன்பாடு என்று அல்லாஹ்வின் முன்னிலையில் சொல்ல முடியுமா?

மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்சாரிகள் எப்படி ஏற்றார்கள் என்பதைக் குத்பாக்களில் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) தம் வீட்டில் நபி (ஸல்) அவர்களுக்கு இடமளித்தார். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி கேட்டார். வாடகையே வாங்காதீர்கள் என்று எவரும் சொல்லவில்லை. மஸ்ஜிதுந் நபவிக்காக இரண்டு அநாதைச் சிறுவர்களின் நிலத்தை நபி (ஸல்) அவர்கள் இலவசமாக ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். உரிமையாளரின் உரிமை மார்க்கத்தில் காக்கப்பட்டிருக்கிறது. ஒருவரின் இக்கட்டை இலாபமாக்கும் உரிமை மட்டும் எவருக்கும் தரப்படவில்லை.

குடிபெயரும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா குலத்தார் அதனருகே இடம்பெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மதீனாவின் புறப்பகுதிகள் வெறுமையாவதை அவர்கள் விரும்பவில்லை. நாமோ நான்கு தெருக்களுக்குள் நெருக்கியடித்து, நம் வாடகையை நாமே ஏற்றிக்கொள்கிறோம். மண்ணடிக்கு 2019-இல் மெட்ரோ இரயில் வந்தது. 2021-இல் அத்தடம் திருவொற்றியூரையும் கடந்து விம்கோ நகர் வரை நீண்டது. வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருப்பவர் கடைக்கு எளிதில் வந்துசேரலாம்.

முதலில் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். குடிநீர் எப்போது வருகிறது, பிள்ளைகள் நடந்துபோகும் தொலைவில் பள்ளிக்கூடமும் மக்தப் மதரஸாவும் உண்டா, மாலையில் ஒரு பெண் அச்சமின்றிக் கடைக்குச் சென்றுவர இயலுமா என்று பாருங்கள். ஊர்க்காரர் தெரு என்பதை இவற்றுக்குப் பின் வையுங்கள். உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது திருக்குர்ஆன். அந்நியரே இல்லாத தெருவை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அக்கட்டளையை எங்கே நிறைவேற்றுவது?

முன்பணத்தைக் குறைத்தால் வாடகை பாக்கிக்கு யார் பொறுப்பு என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமே. அதற்கும் நம்மிடம் விடை இருக்கிறது. நிகாஹ் என்றால் ஊர் ஜமாஅத்தின் கடிதம் கேட்கிறோம். அந்தக் கடிதத்தை நம்பிப் பெண்ணையே கொடுக்கிறோம். வாடகை வீட்டுக்கு மட்டும் அதே ஜமாஅத்தின் பிணைக் கடிதம் போதாதா? ஊர் ஜமாஅத் கடிதம் தரட்டும். சென்னையின் மஹல்லா ஜமாஅத்துகள் காலியான வீடுகளின் பட்டியலைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள மார்க்கம் ஏவியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாகட்டும். முன்பணம் வீட்டுக்காரரிடம் உள்ள அமானிதம். வீட்டைக் காலி செய்யும் நாளில் வண்ணப்பூச்சுக் கணக்குச் சொல்லி அதைக் கரைக்க வேண்டாம்.

மூடப்பட்ட கதவுகளுக்கு முன்னால் நம் சகோதரன் நிற்கும்போது, நம் கதவாவது நீதியோடு திறக்கட்டும். அன்சாரிகளின் வரலாற்றைக் கேட்டு அழுவதோடு நின்றுவிடாமல், அவர்களைப் போல் நடந்துகொள்ளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.