குதிகாலில் மண் எங்கே?

நம் கல்லூரி நூலகத்தில் உலக ஓவியங்கள் அடங்கிய பெரிய புத்தகம் ஒன்று உண்டு. வேதியியல் மாணவிக்கு அங்கென்ன வேலை என்று கேட்காதீர்கள்! ஆய்வுக்கூட வகுப்பு இல்லாத ஒரு பிற்பகலில் அதைப் புரட்டினேன். பிரெஞ்சு ஓவியர் வில்லியம் புகெரோ (1825-1905) தீட்டிய நாட்டுப்புறச் சிறுமி ஒருத்தி, கையில் பூக்களோடு என்னைப் பார்த்தாள். கன்னத்தில் ஒளி, கண்ணில் ஈரம். தூரிகை பட்ட தடமே தெரியாத வழவழப்பு. அழகுதான், மறுப்பவர் யார்?

பிறகு கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாத கால்கள், பொட்டு மண் இல்லை! நெய்வேலிச் செம்மண்ணில் பத்தடி நடந்து பாருங்கள் நண்பர்களே, மூன்று நாள் தேய்த்தாலும் குதிகால் வெளுக்காது. புகெரோவின் படங்களை அமெரிக்கச் செல்வர்கள் விரும்பி வாங்கினார்களாம். மாளிகைச் சுவரில் மாட்டும் ஏழைச் சிறுமி கழுவிய காலோடுதான் வரவேண்டும் போலும். அதே பிரான்சில் 1857-இல் மில்லே என்பவர், அறுவடை முடிந்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் பெண்களை முதுகு வலி தெரிய வரைந்துவிட்டார் என்பதையும் நினைக்க வேண்டும்.

இந்த வழவழப்பு நமக்கு அயலானதன்று. ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்ட ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருக்குப் பின் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898-1976) வரைந்த படங்கள் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகி வீடுதோறும் நுழைந்தன. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரிலும் அந்த வழியில் வந்த ஒரு நாட்காட்டி தொங்குகிறது. பூக்கூடை ஏந்திய சிறுமி. அவளுக்கும் பளிங்குப் பாதம்.

அந்த வயதில் என் அம்மா பண்ருட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். முந்திரி ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து கறுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்களாம். அதிலுள்ள அனகார்டிக் அமிலத்தின் பெயரை நான் இந்த ஆண்டுதான் படித்தேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. விரல் நுனிகளில் கோடுகள் இன்றும் சரியாக இல்லை.

ஆகவே இவை பொய்ப் படங்கள் என்று தீர்ப்பெழுதிவிட்டு, நாட்காட்டியைக் கழற்றப் போனேன்.

"அந்தப் புள்ள உன்ன என்னாடி பண்ணுச்சு? இருக்கட்டும் உடு. என்னைய அந்த வயசுல யாரும் ஒரு போட்டோகூட எடுக்கல" என்றார் அம்மா.

என் தீர்ப்பைப் பாதி திருத்திக்கொள்கிறேன். அந்தக் கன்னத்து ஒளியில் பொய் இல்லை. முந்திரி உடைத்த சிறுமிக்கும் அது இருந்திருக்கும். அவள் முகத்தையும் அதே பொறுமையோடு, பூவிதழுக்குத் தந்த அதே கவனத்தோடு தீட்டியிருக்கலாமே என்பதுதான் என் வழக்கு. கறுத்த விரலையும் சேர்த்துத்தான்! நம் கல்லூரியில் படம் வரையும் கைகள் பல உண்டு. அவர்களிடம் இதைக் கேட்கிறேன்.

நாட்காட்டியில் தேதித்தாள்கள் தீர்ந்துவிட்டன. அட்டையும் சிறுமியும் இன்னும் சுவரில் இருக்கிறார்கள்.