மண்ணைக் கெடுத்தது உழவனா?

உழவன் அளவறியாமல் யூரியாவைக் கொட்டுகிறான், மண் பாழாகிறது – டில்லியிலிருந்து அடிக்கடி கேட்கும் பல்லவி இது. சொர்ணவாரி, சம்பா, நவரை என முப்பட்டம் நெல் பயிரிடும் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி உழவர்களும் இந்தப் பழிக்குத் தப்பவில்லை. பழி யாரைச் சேரவேண்டும்?

2010 தொடக்கத்தில் டன் யூரியா 4,830 ரூபாய். பொட்டாஷ் 4,455 ரூபாய். ஆம், பொட்டாஷ்தான் மலிவு! அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படை மானியம் என்றொன்றைக் கொண்டுவந்தது. யூரியா விலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையைக் கம்பெனிகளிடம் விட்டது. விளைவு? 2025-இல் 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். பொட்டாஷ் மூட்டையோ 2022-இலேயே 1,500 ரூபாயைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கிக்கொண்டு கடைக்கு வரும் குத்தகை உழவன் எந்த மூட்டையைத் தூக்குவான்? 2015-இல் மண்வள அட்டை கொடுத்தார்கள். அட்டை சொல்வது ஒன்று, விலைப்பலகை சொல்வது வேறொன்று.

குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120, மணிச்சத்து 40, சாம்பல்சத்து 40 கிலோ என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இட்டாலும் ஏக்கருக்கு இரண்டரை மூட்டைக்குள் அடங்கும். மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாய்ச் செழித்துக் கண்ணை மயக்கும்; பின்னாலேயே புகையானும் குலைநோயும் வரும். அப்புறம் மருந்துக் கடைக்கு வேறு அழவேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்னொரு சங்கடம். சிப்காட் ஆலைகளுக்கு இளைஞர்கள் போகிறார்கள். அதை நாம் குறை கூறோம். ஆனால் ஹெக்டேருக்குப் பன்னிரண்டரை டன் தொழு உரத்தை அள்ளிக் கொட்ட ஆள் எங்கே? யூரியா ஒரே ஆளின் தோளில் வயலுக்குப் போய்விடும்.

பொட்டாஷ் இறக்குமதிச் சரக்கு, நாங்கள் என்ன செய்வது என்பார்கள். மணலியில் யூரியா ஆகும் எரிவாயு மட்டும் எண்ணூர்த் துறைக்குக் கப்பலில் வருவதில்லையா? அதற்குத் தாங்கிப் பிடிக்கும் அரசு, இதற்கு ஏன் கையை விரிக்கிறது?

யூரியா விலையை உயர்த்தினால் தீரும் என்று யோசனை சொல்லும் நிபுணர்களும் உண்டு. சுமை மீண்டும் உழவன் தலையில்தானா? கூடாது என்கிறோம். பொட்டாஷையும் டி.ஏ.பி.யையும் எட்டும் விலைக்கு இறக்குக! ஆள் பஞ்சத்துக்கு, விதைத்து மடக்கி உழும் தக்கைப்பூண்டுதான் வழி. சம்பா நடவுக்கு ஏழு வாரம் முன்பே அந்த விதை ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேரட்டும்.