பாளைக்கு ஓர் ஐஸ் பெட்டி

வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ள அமெரிக்கர்களுக்கு வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். அந்த வீட்டுக் காய்ச்சல்காரர்கள் காய்ச்சுவதைவிட ஆறவைப்பதில்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். கொதித்த பார்லிச் சாற்றுக்குள் செம்புக் குழாய்ச் சுருளை இறக்கி, அதில் தண்ணீரை ஓடவிட்டு, அரை மணி நேரத்தில் சூட்டைச் சுமார் 20 டிகிரிக்குக் கொண்டுவருவார்கள். மெல்ல ஆறவிட்டால் அவர்கள் போடும் ஈஸ்ட்டுக்கு முன்னால் வேண்டாத கிருமி குடியேறிவிடும். நம் ஊரில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கும்வரை அந்தச் சுருளுக்கு வேலையில்லை. ஆனால் அதே வித்தையைத் தலைகீழாகச் செய்யவேண்டிய இடம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சொல்கிறேன். அங்கே சாற்றைக் குளிரவைக்க வேண்டியது ஈஸ்ட்டை அண்டவிடாமல் இருக்க.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்தது. தேங்காய் ஒன்றை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து அன்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே தென்னம்பாளையின் புளிக்காத சாறான நீராவை இறக்கத் தமிழக அரசு அனுமதி தந்திருந்தது. ஆனாலும் நீரா என்றாலே பேச்சு உரிமம், போலீஸ், கள் என்றுதான் சுற்றுகிறது. என் பார்வையில் இது முதலில் ஒரு பெட்டி விவகாரம். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் சர்க்கரை. வெயில் நாளில் கலயத்துக்குள்ளேயே அது புளிக்கத் தொடங்கிவிடும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு கருவி செய்தது. பி.வி.சி. குழாய் ஒன்று, அதன் அடிமுனையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு பாத்திரம், மேல்முனையில் பாளை நுழைய வாய், சுற்றிலும் வெப்பம் புகாத உறை. அவ்வளவுதான். பைப் ஒட்டத் தெரிந்த எந்த பிளம்பரும் செய்துவிடுவார்.

செய்யும்போது எங்கே கவனம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 32 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் சாற்றை 2 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 30 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரியை இழுத்துக்கொள்ளும். ஆக, சாற்றுக்கு 400 கிராம் ஐஸ் போதும். சுவரின் கதை வேறு. கால் சதுர மீட்டர் மேற்பரப்பும் இரண்டரை சென்டிமீட்டர் தெர்மாகோலும் கொண்ட பெட்டி என்று வைத்துக்கொண்டால், வெளிவெப்பம் உள்ளே கசிவதிலேயே 12 மணி நேரத்தில் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் ஐஸ் உருகிவிடும். சாறு கேட்பதைப் போல மூன்று மடங்கு! தெர்மாகோலை ஐந்து சென்டிமீட்டர் ஆக்கினால் அந்தக் கசிவு ஏறக்குறைய பாதியாகும். கூடுதல் ஐஸை மரத்தில் தூக்கிக்கொண்டு ஏறுவதைவிடக் கீழேயே ஒரு அட்டை தெர்மாகோலைக் கூட்டி ஒட்டிவிடுவது லாபம். அது மழையில் நைந்துபோகாமல் மேலே தார்ப்பாயைச் சுற்றிக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு இருக்கும்போது ஐஸ் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். கருப்பட்டி காய்ச்சப்போகிறவருக்குச் சுண்ணாம்பே போதும், ஐஸ் வீண் செலவு. அப்படியே குடிக்கும் சாறாக நகரத்துக்கு அனுப்பவேண்டுமானால் சுண்ணாம்பு நாக்கில் தெரியும். பிறகு அதை நீக்கவும் ஒரு வேலை வைக்கும். ஐஸுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் ஐஸை ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. ஐஸை எப்படி உடைத்து அடுக்கினால் நீடிக்கும் என்பதை அந்தத் துறைமுகத்து ஆட்களைவிட எந்தப் பயிற்சி முகாமும் நன்றாகச் சொல்லித்தராது. தோப்புக்காரர்கள் அவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம். உயரமான நெட்டை மரத்தில் இரண்டு கிலோ பாரத்தோடு தினமும் ஏறுவது கஷ்டம் என்ற ஆட்சேபம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதை மறுக்க மாட்டேன். இந்தப் பெட்டி குட்டை ரகத் தோப்புக்கே முதலில் பொருந்தும்.

கடைசி ஆட்சேபம்தான் பெரியது. நீரா இறக்கக் கற்றவர் கள்ளும் இறக்குவாரே என்பது. கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை. அதிகாரிகளின் பயம் புரிகிறது. ஆனால் கள் இறக்குபவருக்குச் சாறு சூடாக இருந்தால்தான் ஆதாயம். அவருக்குப் பாளையடியில் ஒரு மண்கலயம் போதும். தினமும் காசு கொடுத்து ஐஸ் வாங்கிச் சாற்றைப் புளிக்கவிடாமல் செய்ய அவருக்கு என்ன தலையெழுத்து? சோதனைக்கு வரும் அலுவலர் மரத்தடியில் ஆளை விசாரிப்பதற்குமுன் ஒரு தெர்மாமீட்டரைப் பாத்திரத்துக்குள் விட்டுப் பார்க்கட்டும். நாலு டிகிரிக்குக் கீழே காட்டினால் அடுத்த மரத்துக்குப் போகலாம்.